சைவப் பேத்தை

பைய, தம்பி, பைய. காலை அந்தப் பக்கமா நீட்டிக்கிடுங்க. வாளியில இடிச்சிராதீங்க. இடிச்சா உள்ள இருக்கவன் ஊதிருவான். ஊதினாம்னா மறுபடி சுருங்கதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும்.

சாப்பாடு இல்ல. பாலும் இல்ல. அந்த கிர்ர்ங்கிற சத்தம் பேட்டரி மோட்டார், தண்ணிக்குள்ள காத்து போகுது. கண்டக்டரும் இதைத்தான் கேட்டாரு. "சார், என்ன கொண்டு போறீங்க, சத்தம் வருதே"ன்னாரு. "ஒரு துரோகியைக் கொண்டு போறேன்"னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டு முன்னால போயிட்டாரு. நீங்களும் அப்படிப் பாக்காதீங்க. மூடியைத் தூக்குதேன், இன்னா, பாருங்க. வெள்ளையில காப்பிக்கலர் பட்டை போட்டு, புள்ளி புள்ளியா, என் கட்டைவிரல் தண்டிக்கு இருக்கானா? கண்ணைப் பாருங்க. ஒரு கண்ணு உங்களைப் பாக்கும், இன்னொண்ணு என்னையப் பாக்கும். அப்பவே நான் சூதானமா இருந்திருக்கணும்.

பேத்தை மீன், தம்பி. கடல் பேத்தை. வலையில விழுந்தா தூக்கி வெளிய வீசிருவாங்க, விஷம். அதைத்தான் நான் பதினோரு மாசம் வீட்டுல வச்சு, உப்புத்தண்ணி மாத்தி, பெத்த பிள்ளை கணக்கா வளத்தேன். இப்ப உவரிக்குக் கொண்டு போறேன். என் பொண்டாட்டி அங்கன அவ தம்பி வீட்டுல இருக்கா. "இந்தா உன் மீனு, நீயே வச்சுக்கோ"ன்னு வாளியை அவ கையில குடுத்துட்டு, இதே பஸ்ஸு திரும்பும்போது ஏறி வந்திருவேன். வாசப்படி மிதிக்க மாட்டேன். நீங்க எங்க இறங்கணும்? உவரி கோயிலுக்கா? நல்லதாப் போச்சு. அப்ப நேரம் கிடக்கு, கேளுங்க.

அந்தத் துணிப்பையா? அது ஒண்ணும் இல்ல. அதைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

என் பேரு குற்றாலநாதன். பாளையங்கோட்டையில வீடு. டெலிபோன் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் இருந்து ரிட்டயர் ஆயாச்சு. நாங்க சைவம். செவ்வாய் வெள்ளி சைவம்னு சொல்லுவாங்களே, அந்தக் கதை இல்ல. எங்க வீட்டு வாசலை ஒரு கோழிமுட்டை தாண்டினது கிடையாது. பிஸ்கட் வாங்கினாக்கூட கவருக்குப் பின்னால எழுதியிருக்கதைப் படிச்சுட்டுத்தான் உள்ள விடுவேன். யாராவது பிறந்தநாள்னு கேக்கு கொண்டுவந்தா வாசல்லேயே நன்றி சொல்லி அனுப்பிருவேன்.

எங்களுக்கு ஒரே மக, கோமதி. பெங்களூர்ல வேலை பாத்தா. போன வருஷம் அவளை வெளிநாட்டுக்கு மாத்திட்டாங்க. போறதுக்கு முன்னால ஒரு வேனைப் பிடிச்சு, கண்ணாடித் தொட்டி, பாறை, மணலு, மோட்டார்னு எல்லாத்தையும் கொண்டாந்து எங்க பட்டாசல்ல, அதான் முன்ஹால்ல, இறக்கிட்டா. நாலடித் தொட்டிக்குள்ள இவன் ஒருத்தன்தான். வேற மீனை விட்டா வாலைக் கடிச்சு வச்சிருவானாம்.

"அப்பா, இவனுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். ஓடு உள்ளதாப் போடணும். மட்டி, குஞ்சு நண்டு, நத்தை இந்த மாதிரி. கடிச்சு உடைச்சுத் தின்னாத்தான் பல்லு தேயும். இல்லாட்டி பல்லு நீண்டு, வாயைத் திறக்க முடியாம பட்டினி கிடந்து செத்துரும்"னா.

"ஏட்டி, எந்த வீட்டுல நின்னு என்ன பேச்சுப் பேசுத?"ன்னேன்.

சிரிச்சா. "சரிப்பா, நான் அம்மாகிட்ட சொல்லிட்டுப் போறேன்"னா. அம்மாகிட்ட என்னத்தச் சொன்னாளோ, நான் கேட்டுக்கிடலை.

நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் தம்பி. இவனைச் சைவமா மாத்திக் காட்டுதேன்னு. பழக்கினா எதுதான் பழகாது? என் பொண்டாட்டி பழகலையா?

அவ பேரு புஷ்பக்கனி. உவரிக்காரி. என் ஆபீஸ்லதான் ஆபரேட்டரா இருந்தா. அவ "நம்பர் சொல்லுங்க"ன்னு கேக்க குரலைக் கேட்டே நான் விழுந்துட்டேன். ரெண்டு வீட்டுலயும் சண்டை, பேச்சு வார்த்தை கிடையாது. கடைசியா எங்க அம்மா இறங்கி வந்தா. "வரட்டும். ஆனா அந்த வாடை என் அடுக்களைக்குள்ள வரப்படாது"ன்னா. புஷ்பம் "சரி அத்தை"ன்னா. முடிஞ்சுது சோலி. மூணு நேரமும் மீன் திங்கிற வீட்டுல பொறந்தவ, அந்த நிமிஷத்தோட விட்டுட்டா. முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஒருநாள் ஒருபொழுது ஏங்கினது கிடையாது. எப்படித் தெரியும்னா கேக்கீங்க? ஏங்கினா சொல்லியிருப்பாள்லா? நான் கேட்டேனான்னா, நான் எதுக்குக் கேக்கணும்? அதான் அவ ஏங்கலையே.

ஊருக்குப் போனாலும் அப்படித்தான். எனக்குன்னு தனியா சாம்பார் வைப்பாங்க. எல்லாரும் அங்கிட்டு உக்காந்து மீன்குழம்பு ஊத்தித் திம்பாங்க, இவ என் பக்கத்துல உக்காந்து சாம்பாரைப் பிசைஞ்சுக்கிட்டு இருப்பா. எனக்குத் துணையா. அவ்வளவு பிரியம்.

வீட்டுல வாழைக்காய்ப் புளிக்குழம்பு வைப்பா பாருங்க, அதைச் சாப்பிட்டாத்தான் தெரியும். வாழைக்காயைத் தடிதடியா சாய்ச்சு வெட்டி, மஞ்சப்பொடியும் உப்பும் போட்டுப் பிசறி வைப்பா. தேங்காய், சீரகம் அரைச்சு, மாங்காய் ஒரு கீத்து போட்டு, மண்சட்டியிலதான் வைப்பா. அவ தம்பி சுயம்புலிங்கம் ஒருதடவை சாப்பிட்டுட்டு, "அக்கா, இதுல மீனு மட்டும்தான் இல்ல"ன்னான். நாங்க எல்லாரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சிருப்பா, நான் பாக்கலை.

சரி, மீன் கதைக்கு வாறேன்.

பட்டாணியை அவிச்சு மசிச்சுப் போட்டேன், துப்பிட்டான். கீரை போட்டேன், மூக்கால தள்ளி விட்டுட்டான். பல்லு தேயணும்லா, அதுக்கு ஊறவைக்காத கொண்டைக்கடலை போட்டேன். கொட்டாங்கச்சியைச் சின்னச் சின்னதா உடைச்சுப் போட்டேன். எட்டு நாள் ஒண்ணையும் தொடலை, மூலையில போயி படுத்துக்கிட்டான். புஷ்பம் தொட்டி முன்னால ஒரு முக்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு, "என்னங்க, வயிறு ஒட்டிப் போச்சே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. "பசிச்சா திம்பான்"னேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் வாக்கிங் போயிட்டு வந்து பாக்கேன். காலையில போட்ட கடலையில ஒண்ணுகூட இல்ல! மறுநாளும் இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. பய வயிறு உருண்டு, கலர் ஏறி, தொட்டிக்குள்ள இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடுதான். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கண்ணுல தண்ணி வந்துட்டு தம்பி. நெத்தியில துண்ணூறு பூசிக்கிட்டு வந்து தொட்டி முன்னால நின்னு, "உனக்கு நீலகண்டன்னு பேரு வைக்கேன்"னேன். விஷத்தை உள்ள வச்சுக்கிட்டு சாதுவா இருக்காம்லா, அதுக்காக. புஷ்பம் மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டா. "ராசா"ம்பா.

மூலைக்கரைப்பட்டி வந்துட்டு. நீங்க டீ குடிக்கணும்னா குடிச்சுட்டு வாங்க, நான் சீட்டைப் பாத்துக்கிடுதேன். வேண்டாமா? சரி.

தண்ணி உவரியிலேருந்துதான் வரும். கடல்தண்ணி. பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை சுயம்பு ரெண்டு பெரிய கேனும் ஒரு சின்னக் கேனும் ரொப்பி இந்த பஸ்ஸுலதான் ஏத்தி விடுவான். நான் ஸ்கூட்டரைக் கொண்டுபோயி பஸ் ஸ்டாண்டுல இறக்கிக்கிடுவேன். பெரிய கேனை நான் ஊத்துவேன். சின்னக் கேனை மட்டும் அவ தொட விட மாட்டா. "அது நடுக்கடல்ல மொண்ட தண்ணி, கை படப்படாது, நான் பைய வடிகட்டி ஊத்துதேன்"னு பின்வாசலுக்குத் தூக்கிட்டுப் போயிருவா. நானும் சரின்னு விட்டுட்டேன். அந்தச் சின்னக் கேனுக்குள்ள என்ன வந்துதுன்னு பின்னால சொல்லுதேன். ஆனா ஒண்ணு தம்பி, அதைச் சுமந்தது நான். என் கையால, என் ஸ்கூட்டர்ல, முன்னால ரெண்டு காலுக்கு நடுவுல வச்சு, ஒரு சொட்டு சிந்தாம கொண்டாந்திருக்கேன். அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

விஷயம் பைய வெளிய பரவிட்டு. நான்தான் சொன்னேன், இல்லைங்கலை. வாக்கிங் வாறவங்ககிட்ட சொன்னேன். கோயில்ல சொன்னேன். எங்க ஏரியாவுல சைவநெறி மன்றம்னு ஒண்ணு இருக்கு, ஆவுடையப்பன் சார்தான் தலைவர். அவரு கேட்டுட்டு, "குற்றாலம், இது சாதாரணக் காரியம் இல்லய்யா. மாமிசம் திங்கிற சீவனையே மாத்திட்டீரே! இந்த மாசக் கூட்டத்தை உம்ம வீட்டுலயே வச்சுக்கிடுவோம். எல்லாரும் பாக்கட்டும்"னாரு. அடுத்த செயலாளரு நீருதான்னும் காதுல போட்டு வச்சாரு. அதுக்காக நான் ஆசைப்பட்டேன்னு இல்ல. ஆனா ஒரு மனுஷன் ரிட்டயர் ஆன பிறகு நாலு பேரு மதிக்கதுன்னா சும்மாவா?

கூட்டம் ஞாயித்துக்கிழமை. பட்டாசல் நிறைஞ்சு போச்சு, பதினெட்டு பேரு. நான் வேட்டி சட்டை போட்டுக்கிட்டு, தொட்டிப் பக்கத்துல நின்னு, எப்படிப் பழக்கினேன்னு விவரமாச் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டுதாங்க. "இப்ப பாருங்க, என்னையக் கண்டா எப்படி வாறான்னு"ன்னு சொல்லி ஒரு கொண்டைக்கடலையைப் போட்டேன்.

வரலை, தம்பி.

பாறைக்குப் பின்னால நின்னுக்கிட்டு ஒரு கண்ணால கடலையைப் பாக்கான், ஒரு கண்ணால என்னையப் பாக்கான். "கூட்டத்தைக் கண்டு கூச்சப்படுதான்"னு சமாளிச்சேன். அந்த நேரத்துல புஷ்பம் காபித் தட்டை ஏந்திக்கிட்டு அடுக்களையிலேருந்து வந்தா. அவ்வளவுதான்! எங்கிருந்துதான் வந்தானோ, விருட்டுனு கண்ணாடிகிட்ட வந்துட்டான். வாலை ஆட்டுதான். மேல வந்து வாயைத் தண்ணிக்கு வெளிய நீட்டி, பீச்சாங்குழல் கணக்கா தண்ணியைப் பீச்சுதான். அது போயி ஆவுடையப்பன் சார் சட்டையில விழுந்துது. அவ தட்டை இந்தப் பக்கம் கொண்டு போனா இந்தப் பக்கம் வாறான், அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் ஓடுதான். எல்லாரும் சிரிச்சாங்க. "என்னய்யா, சீடனுக்கு குரு யாருன்னு தெரியலையே"ன்னாரு ஒருத்தர். நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு.

கூட்டத்துல பாக்கியத்தாய் டீச்சர்னு ஒரு அம்மா, காலேஜ்ல விலங்கியல் நடத்தினவங்க. அவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு தொட்டிகிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. அந்தால, "சார், இந்தப் பாறைக்கு அடியில கிடக்கது மட்டி ஓடுல்லா? புது ஓடால்லா இருக்கு. இன்னா, நண்டுக் கால் ஒண்ணு கிடக்கு"ன்னாங்க. அதோட விட்டிருக்கலாம். "பல்லும் அழகாத் தேஞ்சிருக்கு. தினம் யாரோ ஒழுங்காப் போடுதாங்க"ன்னும் சொல்லிட்டாங்க.

நான் திரும்பி புஷ்பத்தைப் பாத்தேன். தலையைக் குனிவா, ஏதாவது சொல்லிச் சமாளிப்பான்னு நினைச்சேன். அவ காபித் தட்டை மேசையில வச்சுட்டு, சேலைத் தலைப்புல கையைத் துடைச்சுக்கிட்டு, "நான்தான் போட்டேன். இல்லைன்னா செத்திருக்கும்"னா. அவ்வளவு பேரு முன்னால! ஆபீஸ்ல நம்பர் கேப்பாளே, அதே குரல்.

அந்தக் காபியை ஒருத்தரும் தொடலை தம்பி. ஆவுடையப்பன் சார் சட்டையைத் தட்டி விட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. "மத்ததைப் பிறகு பேசுவோம்"னாரு. ஒவ்வொருத்தரா செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. பதினெட்டு டம்ளர், ஆடை படிஞ்சு ஆறிப் போயி, வரிசையா இருக்கு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவு கிடையாது. "எத்தனை நாளா நடக்கு இது?"ன்னேன்.

"பத்தாம் நாள்லேருந்து"ன்னா. நான் கண்ணுல தண்ணி விட்டேனே, துண்ணூறு பூசிக்கிட்டு நின்னேனே, அன்னைக்கேதான்!

"என் கடலை எல்லாம் எங்க போச்சு?"

"டீ வடிகட்டியில அரிச்சு எடுத்து காக்காய்க்குப் போட்டேன்."

"மட்டி எப்படி வந்துது?"

"சின்னக் கேன்ல. சுயம்பு உசுரோட போட்டு அனுப்புவான்."

"எங்க அம்மாவுக்குக் குடுத்த வாக்கு என்ன ஆச்சு?"

"அது அப்படியேதான் இருக்கு. அடுக்களைக்குள்ள கொண்டுவரலை. பின்வாசல்ல வாஷிங்மெஷினுக்குப் பின்னால வாளியில வச்சு, அங்கனயே உடைச்சு, அங்கனயே கை கழுவிட்டுத்தான் உள்ள வருவேன்"னா. எப்படிப் பதில் பாருங்க! வக்கீல் தோத்துப் போவான்.

நான் சத்தம் போட்டேன். நான் போட்ட சத்தத்துல இந்தப் பய பந்து கணக்கா ஊதிட்டான். வந்த நாள்லேருந்து ஊதாதவன் அன்னைக்குத்தான் ஊதினான். அவ உடனே, "பையப் பேசுங்க, அது பயப்படுது"ங்கா. என் மானம் போயிக் கிடக்கு, அவளுக்கு மீனு பயப்படுதாம்! அந்தக் கொதிப்புலதான் கேட்டுட்டேன். "நீயும் தின்னியா?"ன்னு.

அவ என்னைய நிமிந்து பாத்தா. "முப்பத்தோரு வருஷத்துல இன்னைக்குத்தான் இதைக் கேக்கீங்க"ன்னா. பிறகு, "திங்கலை. மட்டியை உடைச்சு அதுக்குப் போட்டுட்டு, கை கழுவதுக்கு முன்னால விரலை ஒருதடவை மோந்து பாப்பேன். அவ்வளவுதான். அதுவும் தப்புன்னா சொல்லிருங்க"ன்னா.

பாத்தீங்களா தம்பி? மோந்து பாத்திருக்கா! என் வீட்டுல, என் பின்வாசல்ல நின்னு, தினம் மோந்து பாத்திருக்கா! நான் மத்தியானம் அசந்து தூங்கும்போது இவங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேந்து இந்தக் காரியம் பண்ணியிருக்காங்க. அவ சொல்லலைன்னாலும் போகட்டும், என் கையால வளந்த இவன், நான் வந்தா மட்டும் கடலையைத் தின்னவன் மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு இருந்தாம்லா, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

என்ன, சன்னல் பக்கம் பாக்கீங்க. இட்டமொழி. இன்னும் முக்கால்மணி நேரம் ஆகும்.

மறுநாள் வீட்டைக் கழுவினேன். ஆள் வைக்கலை, நானே. பட்டாசல், தார்சா, பின்வாசல் எல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவி, சாம்பிராணி போட்டேன். வாஷிங்மெஷினை நகத்தி அடியிலயும் கழுவினேன். அவ உக்காருத நாற்காலியையும் சேத்துத்தான் கழுவினேன். வேணும்னு செய்யலை தம்பி, அது நடுவுல கிடந்துது. அவ சுவத்துல சாஞ்சுக்கிட்டு பாத்துக்கிட்டே இருந்தா. உள்ள போனா, ஒரு பையோட வந்தா. "நாற்காலி காயட்டும். நான் அதுவரைக்கும் ஊருல இருக்கேன். வாளியில மட்டி இருக்கு, ராசாவுக்கு நேரத்துக்குப் போடுங்க"ன்னா. போயிட்டா.

ரெண்டு மாசம் ஆச்சு. எந்த நாற்காலி தம்பி காயதுக்கு ரெண்டு மாசம் எடுக்கும்?

மட்டியை அன்னைக்கே தூக்கி வீசிட்டேன். பழையபடி கடலை, பட்டாணி. இப்பதான் யாரும் அரிச்சு எடுக்க இல்லியே, போட்டது போட்டபடி கிடக்கு. பட்டாணி மசிச்சதை மட்டும் ஒண்ணு ரெண்டு கொறிப்பான். மிச்ச நேரம் எல்லாம் பின்வாசலைப் பாத்து நிக்கான். கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு, காலையிலேருந்து சாயங்காலம் வரை அந்தப் பக்கமேதான். நான் முன்னால போயி நின்னா ஒரு கண்ணைக்கூடத் திருப்ப மாட்டான். நான் ஒருத்தன் வீட்டுல இருக்கேன்லா? தண்ணி மாத்துதது யாரு? அவன்கூடப் பேசுதது யாரு? வேற யாரு இருக்கா அந்த வீட்டுல பேசதுக்கு?

போன் போட்டா எடுப்பா. "ராசா எப்படி இருக்கான்?"னு கேப்பா. "நல்லா இருக்கான்"னு சொல்லுவேன். "நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னு கேப்பா. "ஆச்சு"ம்பேன். வச்சிருவா. நானும் வச்சிருவேன். மன்றத்துலேருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. செயலாளர் வேற ஆளு ஆயாச்சு.

போன வாரம்தான் கவனிச்சேன். வாய் மூட முடியலை இவனுக்கு. கீழ்ப்பல்லு நீண்டு மேல ஏறி நிக்கு. மசிச்ச பட்டாணியும் உள்ள போகமாட்டேங்கு. கோமதிக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். அவ அழுதுட்டா. "அப்பா, பல்லை வெட்டி விடணும்ப்பா. தண்ணிக்குள்ளேயே வச்சு, ஈரத்துணியில பிடிச்சுக்கிட்டு, சின்ன நகவெட்டியால நுனியைக் கத்தரிக்கணும். வெளிய எடுத்தா காத்தைக் குடிச்சு ஊதிருவான், செத்துருவான். ஒரு ஆளா முடியாது. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் வெட்டணும். அம்மாவைக் கூப்பிடுங்க"ன்னா.

கூப்பிடலை. நான் எதுக்குக் கூப்பிடணும்? போனது அவதானே.

தனியாவே பாத்தேன். ரெண்டு நாள். இடது கையால பிடிச்சா வலது கை நடுங்குது. வலது கையால பிடிச்சா இடது கையால வெட்ட வரலை. கடைசியா நேத்து அவன் என் உள்ளங்கையில அப்படியே படுத்துக்கிட்டான் தம்பி. ஊதக்கூட இல்ல. ஊததுக்கும் பலம் வேணும்லா.

அய்யய்யோ, உங்க செருப்பு நனைஞ்சிட்டா? மன்னிச்சிருங்க. வாளி இல்ல, பைதான் ஒழுகுது. ஐஸு உருகிட்டு போல. இல்ல, நீங்க தொடாதீங்க, நானே எடுக்கேன்.

ஆமா. மட்டிதான்.

காலையில மார்க்கெட்டுக்குப் போனேன். அறுபத்திரெண்டு வயசுல மொதத் தடவையா அந்தப் பக்கம் நடக்கேன். துண்டை மூக்கைச் சுத்திக் கட்டிக்கிட்டு நிக்கேன், தெரிஞ்ச ஆளு யாரும் பாத்துரக் கூடாதேன்னு. மட்டி விக்கிற அம்மா, "எவ்வளவு வேணும் அண்ணாச்சி, எத்தனை பேரு?"ன்னு கேட்டா. "ஒருத்தனுக்குத்தான். கட்டைவிரல் தண்டி இருப்பான்"னேன். அவ சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடை எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

ஒரு கிலோ வாங்கினேன். இவனுக்கு ரெண்டு போதும், தெரியும். அதுவும் பல்லை வெட்டினாத்தான் திங்க முடியும். மிச்சமா? மிச்சத்தை அவ என்ன வேணாலும் செய்யட்டும். குழம்பு வைக்கட்டும், பொரிக்கட்டும். நான் கேக்க மாட்டேன். நான் ஏன் கேக்கணும், நான்தான் வாசப்படி ஏறப் போறதில்லையே. பல்லை வெட்டுத நேரத்துக்கு மட்டும் நிப்பேன். அவ கை நடுங்காது. அவ பிடிச்சுக்கிடட்டும், நான் வெட்டுதேன். இல்லை, நான் பிடிச்சுக்கிடுதேன், அவ வெட்டட்டும். அதான் நகவெட்டியை வெந்நீர்ல போட்டு எடுத்து சட்டைப்பையில வச்சிருக்கேன். முடிஞ்ச உடனே கிளம்பிருவேன்.

ரெண்டு மட்டியை வீட்டுலயே உடைச்சுப் பாத்தேன், ஒருவேளை தின்னுருவானோன்னு. பின்வாசல்லதான், வாஷிங்மெஷின் பக்கத்துல நின்னு. அவ எங்க நின்னு உடைச்சாளோ அங்கன. வாய்க்கு முன்னால கொண்டு போனேன், பாத்தான், திறக்க முடியலை. என்னையப் பாத்தான். ரெண்டு கண்ணாலயும் பாத்தான் தம்பி.

கையை மூணுதரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். வாடை போகலை. கழுவதுக்கு முன்னால நானும் ஒருதடவை மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல, உப்பு வாடைதான். கடல் வாடை. இதுல என்ன இருக்குன்னு இத்தனை வருஷம்... ஒண்ணும் இல்ல, விடுங்க.

அன்னா கோயில் கோபுரம் தெரியுது. உவரி வந்துட்டு. நான் வாறது சுயம்புக்கு மட்டும்தான் தெரியும், அக்காகிட்ட சொல்லாதேன்னு சொல்லியிருக்கேன். அவன் எங்க சொல்லாம இருக்கப் போறான். பாத்தீங்களா? நிக்கா. அன்னா, டீக்கடைக்குப் பக்கத்துல, பச்சைச் சேலை. பஸ்ஸு நிக்கதுக்கு முன்னாலயே ஒவ்வொரு சன்னலா பாத்துக்கிட்டு வாறா. யாரைத் தேடுதா? இவனைத்தான், வேற யாரை.

இல்ல தம்பி, நீங்க சிரமப்பட வேண்டாம். பையை வேணா நீங்க எடுங்க. வாளியை நானே தூக்கிக்கிடுதேன். வாளி யாரு கையில இருக்கோ, அவன் பக்கம்தான் அவ வருவா.